பிள்ளையின் போனைப் பார்க்கலாமா? எப்போது, எந்த அளவுக்கு, எப்படி

பிள்ளையின் போனைப் பெற்றோர் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டால் நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். "பெத்தவங்களுக்குத் தெரியாம பிள்ளைக்கு என்ன ரகசியம்?" என்பது ஒன்று. "இந்தக் காலத்துப் பசங்க நம்மளவிட விவரம், நாம என்னத்தச் சொல்லிக் குடுக்கிறது" என்பது மற்றொன்று. முதல் வீட்டில் பிள்ளை ஒளிக்கக் கற்றுக்கொள்கிறது. இரண்டாவது வீட்டில் ஏதாவது ஆனால் யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கிறது. இரண்டு வீட்டிலும் பெற்றோருக்கு விஷயம் கடைசியாகத்தான் தெரியவருகிறது.

ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடமும் அவர்களின் பெற்றோரிடமும் ஓர் ஆய்வு நடத்தி, 2000ஆம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்று நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் வம்பில் மாட்டுவது குறைவு என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம். கண்காணிப்பதால்தான் அவர்களுக்குத் தெரிகிறது என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். இவர்கள் அந்தத் தகவல் பெற்றோருக்கு எந்த வழியில் வந்தது என்று தேடினார்கள். கேள்வி கேட்டு வந்ததும், கட்டுப்பாடு போட்டு வந்ததும் கொஞ்சம்தான். பெரும்பகுதி பிள்ளையே வந்து சொன்னது. ஒழுங்காக இருக்கும் பிள்ளை இயல்பாகவே அதிகம் சொல்லுமா, சொல்வதால் ஒழுங்காக இருக்கிறதா என்ற விவாதம் அதற்குப் பிறகும் நடந்தது. ஆனாலும் போன் விஷயத்தில் ஒரு பெற்றோர் செய்யவேண்டிய முடிவுகளுக்கு இந்தக் கண்டுபிடிப்பைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பூட்டைப் போடுவதற்கு முன், ஓர் ஆப்பை நிறுவுவதற்கு முன், ஒரு விதியைச் சொல்வதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி இது: நாளைக்கு ஒரு சிக்கல் வந்தால் இதனால் பிள்ளை என்னிடம் வருமா, என்னிடமிருந்து ஒளியுமா?

ஒளிந்து பார்ப்பதில் என்ன கெடுகிறது

"பிள்ளைக்குத் தெரியாமலேயே எல்லா மெசேஜையும் படிக்கலாம்" என்று விளம்பரம் செய்யும் உளவு ஆப்கள் நிறைய உண்டு. அவற்றை நிறுவும் முறையைக் கவனியுங்கள். பெரும்பாலானவை பிளே ஸ்டோரில் இருக்காது. ஆப்களைச் சோதிக்கும் கூகுளின் பாதுகாப்பான பிளே புரொடெக்ட்டை அணைக்கச் சொல்லும், வெளியிலிருந்து ஏபிகே என்ற ஆப் நிறுவல் கோப்பை இறக்கச் சொல்லும், திரையில் இருப்பதைப் படிக்கவிடும் அக்சஸிபிலிட்டி அனுமதியைக் கேட்கும். வங்கிப் பணத்தைத் திருடும் போலி ஆப்களும் இதே மூன்று படிகளில்தான் உள்ளே வருகின்றன. பிள்ளையைக் காப்பதற்காக என்று சொல்லி அந்தப் போனின் காவலையே கழற்றிவிடுகிறோம்.

எடுத்த தகவல் எல்லாம் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. 2018 மே மாதம் டீன்சேஃப் என்ற அமெரிக்கக் கண்காணிப்பு ஆப்பின் சர்வர்கள் கடவுச்சொல் பாதுகாப்பே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது தெரியவந்தது. பிள்ளைகளின் ஆப்பிள் ஐடி மின்னஞ்சல்களும் கடவுச்சொற்களும் மறையாக்கம் எதுவும் இல்லாமல் அப்படியே எழுத்தில் இருந்தன. அந்த ஆப் வேலை செய்ய இரண்டடுக்குச் சரிபார்ப்பை வேறு அணைத்துவைக்க வேண்டும். ஆக, யார் கையில் அந்தப் பட்டியல் கிடைத்தாலும் நேராக உள்ளே போகலாம். அதற்கு வழிசெய்து கொடுத்தவர்கள் அக்கறையுள்ள பெற்றோர்கள்.

ஆப் இல்லாமல் செய்யும் வழி ஒன்றும் வழக்கத்தில் உண்டு: பிள்ளை தூங்கும்போது போனை எடுத்து, வாட்ஸ்அப்பை அம்மா அல்லது அப்பாவின் லேப்டாப்பில் இணைத்துவிடுவது. செட்டிங்ஸில் லிங்க்டு டிவைசஸ் என்ற இடத்தில் அது பட்டியலாகத் தெரியும். 13 வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது. அதற்குப் பிறகு நடப்பதும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் சாட் லாக் போடப்படும், அதற்கு ரகசியக் குறியீடும் வைக்கப்படும், மெசேஜ்கள் 24 மணி நேரத்தில் தானாக அழியும்படி மாற்றப்படும். இன்ஸ்டாகிராமில் இரண்டாவது ஐடி வரும். முக்கியமான பேச்செல்லாம் தோழனின் போனுக்கு இடம் மாறும். அன்று முதல் நீங்கள் பார்ப்பது உங்களுக்குக் காட்டுவதற்காகவே பிள்ளை வைத்திருக்கும் ஒரு போன்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் மகளின் வாட்ஸ்அப்பில் இருப்பது அவளுடைய பேச்சு மட்டும் இல்லை. அவள் தோழியின் வீட்டுச் சண்டை, இன்னொருத்தியின் உடல்நலச் சிக்கல், யாரோ ஒரு பையனின் அழுகை எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் உங்களுக்கு அனுமதி தரவில்லை. படித்ததை அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஜாடையாகச் சொல்லிவிட்டால், அதன் பிறகு அந்த வகுப்பில் உங்கள் பிள்ளையிடம் யாரும் எதையும் பேசமாட்டார்கள்.

ஒரே போன் இருக்கும் வீடு

கண்காணிப்பு பற்றிய பெரும்பாலான அறிவுரைகள் பிள்ளைக்குத் தனிப் போன் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நம் வீடுகளில் பல பிள்ளைகள் அம்மாவின் போனில்தான் வீட்டுப்பாடம் பார்க்கிறார்கள். அங்கே கவலையின் திசையே வேறு. அம்மாவின் கூகுள் கணக்கு, அம்மாவின் யூடியூப் பரிந்துரைகள், சேமித்துவைத்த யுபிஐ, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா அனுப்பும் வீடியோக்கள் எல்லாம் பிள்ளையின் கையில் இருக்கின்றன.

பிள்ளையின் போனைப் பெற்றோர் மேற்பார்க்க கூகுள் தரும் ஃபேமிலி லிங்க் ஆப் இந்தப் போனுக்கு உதவாது. அது மேற்பார்ப்பது பிள்ளையின் கணக்கைத்தான். போன் ஓடுவது உங்கள் கணக்கில். இங்கே செய்யவேண்டியவை வேறு. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் ஆப் பின்னிங் என்று இருக்கும். அதை இயக்கி, வெளியேறும்போது பின் கேட்கும்படி வையுங்கள். பாடம் பார்க்கும் ஆப்பைத் திறந்து பின் செய்து கொடுத்தால் பிள்ளையால் வேறு ஆப்புக்குப் போக முடியாது. வாட்ஸ்அப்புக்கும் கேலரிக்கும் யுபிஐ ஆப்களுக்கும் ஆப் லாக் போடுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் சரிபார்ப்புக் கேட்கும்படி மாற்றுங்கள். விளையாட்டில் வைரம் வாங்கி மாத வருமானம் போன கதைகளில் பல இந்த ஒரு அமைப்பு அணைந்திருந்தால் நடக்கக்கூடியவை. சிறு பிள்ளைகளுக்கு யூடியூபுக்குப் பதில் யூடியூப் கிட்ஸ், அதிலும் தேடலை அணைத்துவிட்டு. வாட்ஸ்அப்பில் மீடியா தானாக கேலரியில் சேமிக்கப்படுவதை நிறுத்துவதை மறக்காதீர்கள். உறவினர் அனுப்பும் விபத்துப் படங்களும் ஆபாச நகைச்சுவைகளும் பிள்ளையின் கண்ணில் படுவது பெரும்பாலும் கேலரி வழியாகத்தான்.

13 வயதுக்குள் தனிப் போன் என்றால்

ஃபேமிலி லிங்க் இலவசம், வெளிப்படையானது. பிள்ளைக்கும் தன் போனில் என்ன கட்டுப்பாடு இருக்கிறது என்று தெரியும். அது மெசேஜ்களைப் படித்துக் காட்டாது, அழைப்புகளைக் கேட்கவிடாது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதுதான் அதில் பிடித்த அம்சம்.

முதலில் பெற்றோரின் போனில் ஆப்பை நிறுவி, அதிலிருந்தே பிள்ளைக்குப் புதிய கூகுள் கணக்கைத் தொடங்குங்கள். பிறந்த தேதி உண்மையானதாக இருக்கட்டும். கொடுக்கப்போவது உங்கள் பழைய போன் என்றால், உங்கள் கணக்கு ஓடும் நிலையிலேயே கொடுத்துவிடாதீர்கள். படங்களை நகல் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்து, பிள்ளையின் கணக்கில் முதலிலிருந்து தொடங்குங்கள். பிறகு நான்கு விஷயங்களை அமையுங்கள்: புதிய ஆப் எதுவானாலும் உங்கள் ஒப்புதல் கேட்கவேண்டும், குரோமில் ஆபாசத் தளங்களைத் தடுக்கும் வடிகட்டி, இரவு 9 மணி முதல் காலை 6 வரை போன் பூட்டியிருக்கவேண்டும், பள்ளி நாளுக்கு ஒரு நேர அளவு, விடுமுறை நாளுக்கு வேறொரு அளவு. யூடியூபில் மேற்பார்வைக் கணக்குக்கு மூன்று நிலைகள் உண்டு. 9 வயதுக்கு மேல் 'எக்ஸ்ப்ளோர்', 13க்கு மேல் 'எக்ஸ்ப்ளோர் மோர்', அதற்கும் மேல் 'மோஸ்ட் ஆஃப் யூடியூப்'. கீழ்நிலையில் தொடங்கி மேலே போவது எளிது. மேலிருந்து கீழே இறக்கினால் சண்டை.

இது எங்கெங்கே உடைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெற்றோரின் கூகுள் கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் ஒப்புதலை அதுவே கொடுத்துக்கொள்ளும். பூட்டைத் திறக்கும் பெற்றோர் குறியீடு உங்கள் போனில்தான் இருக்கிறது. உங்கள் போனின் பேட்டர்ன் பிள்ளைக்குத் தெரியும் என்றால் அந்தக் குறியீடும் தெரியும். ஓர் ஆப்பைத் தடுத்தாலும் அதே சேவை குரோமில் இணையதளமாகத் திறக்கும், அதைத் தனியாகத் தடுக்கவேண்டும். வீட்டு வைஃபை ரவுட்டரில் டிஎன்எஸ் (இணையதளப் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியாக 1.1.1.3 என்றும், இரண்டாவதாக 1.0.0.3 என்றும் கொடுத்தால் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் குடும்ப வடிகட்டி ஆபாசத் தளங்களையும் தீங்கு செய்யும் தளங்களையும் வீடு முழுவதற்கும் தடுக்கும். ஐந்து நிமிட வேலை, செலவில்லை. ஆனால் மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ இணைப்பை வேறு சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன் போட்டாலோ அது பயனற்றுப் போகும். வடிகட்டிகள் தற்செயலாகக் கண்ணில் படுவதைத் தடுக்கும். தேடிப் போகும் பிள்ளையைத் தடுக்காது. சிறு வயதில் தற்செயல்தான் அதிகம் என்பதால் அப்போது அவை பயன்படுகின்றன.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஸ்கிரீன் டைமில் கம்யூனிகேஷன் சேஃப்டி என்ற அமைப்பு உண்டு. மெசேஜில் நிர்வாணப் படம் வந்தாலோ அனுப்ப முயன்றாலோ படத்தை மங்கலாக்கி எச்சரிக்கும். படத்தை ஆராய்வது போனுக்குள்ளேயே நடக்கிறது, வெளியே போவதில்லை. 13 வயதுக்குக் குறைந்த கணக்குகளில் இயல்பாகவே இயங்கும். அதற்கு மேற்பட்ட வயதில் அது இயங்குகிறதா என்று பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள், இல்லையென்றால் பேசி இயக்கலாம்.

பிறந்த வருடத்தை மாற்றிப் போடுவது

இன்ஸ்டாகிராமுக்குக் குறைந்தபட்ச வயது 13. 11 வயதுப் பிள்ளை கேட்கிறது, வகுப்பில் எல்லோரிடமும் இருக்கிறது, மனம் இளகி அப்பாவே 1998 என்று பிறந்த வருடத்தைப் போட்டுக் கணக்குத் தொடங்கித் தருகிறார். பெற்றோர் செய்யும் காரியங்களில் இதைப்போல் பின்விளைவு நீளும் வேறொன்று குறைவு. 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு அறிவிக்கப்பட்ட டீன் அக்கவுண்ட் பாதுகாப்புகள் எதுவும் அந்தக் கணக்குக்குக் கிடைக்காது. டீன் அக்கவுண்ட் என்றால் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும். பிள்ளை பின்தொடராத, தொடர்பில் இல்லாத ஆள் மெசேஜ் அனுப்ப முடியாது. இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் நிற்கும். 16 வயதுக்குள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். பெற்றோர் மேற்பார்வையை இணைத்தால் கடந்த 7 நாட்களில் பிள்ளை யாரோடெல்லாம் மெசேஜ் பேசியது என்று பார்க்கலாம், என்ன பேசியது என்று பார்க்க முடியாது. யார் என்று தெரிவதும் என்ன என்று தெரியாமலிருப்பதும் 13, 14 வயதுக்கு நியாயமான எல்லை என்பது என் கருத்து. முன்பே பொய்யான வருடம் போட்டிருந்தால் பிள்ளையோடு உட்கார்ந்து சரியான தேதிக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாமல் போனால் கணக்கை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது நல்லது.

வாட்ஸ்அப்பில் பத்து நிமிடம் போதும். பிரைவசியில் குரூப்ஸ் என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். யாரென்றே தெரியாதவர்கள் பிள்ளையை ஆபாசக் குரூப்பிலோ பகுதிநேர வேலை மோசடிக் குரூப்பிலோ இழுத்துப்போடுவது நிற்கும். புரொஃபைல் படமும் லாஸ்ட் சீனும் அதேபோல. தெரியாத எண்களின் அழைப்பை ஒலியில்லாமல் ஆக்கும் அமைப்பை இயக்குங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்கப் பின்னைப் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும், ஆனால் மீட்பு மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். ஸ்னாப்சாட் இருந்தால் மேப்பில் இருக்கும் இடத்தை மறைக்கும் கோஸ்ட் மோட்.

உறையில் ஒரு பின் எண்

13க்கு மேல் போனின் பின் எண்ணைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டுமா என்பதில்தான் வீடுகளில் அதிகச் சண்டை. இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. பிள்ளை தன் பின் எண்ணை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைக்கட்டும். எந்தக் காரணங்களுக்காக அது திறக்கப்படும் என்று முன்பே பேசி எழுதிவையுங்கள்: பிள்ளையைக் காணவில்லை, உயிருக்கு ஆபத்து என்று தோன்றுகிறது, பெரியவர் யாரோ அதைச் சந்திக்க அழைக்கிறார் அல்லது மிரட்டுகிறார் என்பதற்கு அறிகுறி இருக்கிறது. திறந்தால் அன்றே பிள்ளையிடம் சொல்லவேண்டும். உறை ஒட்டியபடியே இருக்கிறதா என்று பிள்ளை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். பின்னை மாற்றினால் புது உறை. நம்பிக்கை என்று வாயால் சொல்வதைப் பிள்ளை கண்ணால் சரிபார்க்க இதில் இடம் இருக்கிறது.

அதே தாளில் மற்ற விதிகளையும் எழுதலாம், ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். இரவில் எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜ் ஆகும், பெற்றோருடையதும்தான். சாப்பாட்டு நேரத்தில் போன் இல்லை. இணையத்தில் மட்டும் பழகிய ஆளை நேரில் பார்க்கவேண்டும் என்றால் முதலில் வீட்டில் சொல்லவேண்டும். லொகேஷன் பகிர்வது இரு பக்கமும்: அப்பா எங்கே இருக்கிறார் என்று மகளுக்கும் தெரியட்டும். மகளுக்கு ஒரு தாள், மகனுக்கு எதுவும் இல்லை என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் பதின்வயதுப் பையன்களையும் குறிவைக்கின்றன. தோழியின் அந்தரங்கப் படத்தைக் கேட்டு வாங்குவதும், அதை நண்பர்களுக்குக் காட்டுவதும் குற்றம் என்று அந்தப் பையன்களிடம் யாரும் சொல்லியிருப்பதில்லை.

அறிகுறி என்று எதைச் சொல்லலாம்? போனை மறைப்பது மட்டும் அறிகுறி ஆகாது. 14 வயதில் அது இயல்பு. போன் அதிர்ந்தாலே முகம் வெளிறுவது, சாப்பாடும் தூக்கமும் சட்டெனக் குறைவது, யார் போட்டார்கள் என்று தெரியாத ரீசார்ஜ் அல்லது பரிசு, புதிதாக ஒரு சிம், பர்ஸிலிருந்து சிறு சிறு தொகைகள் காணாமல் போவது, ஒரே நாளில் எல்லாச் சமூகக் கணக்குகளையும் அழிப்பது ஆகியவை சேர்ந்து வந்தால் பேசவேண்டிய நேரம். அப்போதும் முதலில் கேளுங்கள். பார்த்தே ஆகவேண்டும் என்றால் பிள்ளையோடு உட்கார்ந்து, எதற்காகப் பார்க்கிறீர்களோ அதை மட்டும் பாருங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தோன்றினால் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டாம். உறையைத் திறந்துவிடுங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 அல்லது தமிழகத்தின் 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள்.

நாம் வெளியிடும் படங்கள்

பிள்ளையின் தனியுரிமையை மீறுவதில் முதலிடம் பல நேரம் பெற்றோருக்குத்தான். மகள் வயதுக்கு வந்ததை ஊருக்கே ஃப்ளெக்ஸ் வைத்து அறிவித்து, பூப்புனித நீராட்டு விழா வீடியோவைப் புகைப்படக்காரரின் யூடியூப் சேனலில் எல்லோரும் பார்க்கப் போடுகிறோம். விழா எடுப்பது குடும்பத்தின் முடிவு. ஆனால் அந்த வீடியோ அவள் கல்லூரிக்குப் போகும்போதும் அங்கேயே இருக்கும், வகுப்பில் யாராவது தேடி எடுப்பார்கள். புகைப்படக்காரரிடம் ஒப்பந்தம் பேசும்போதே இணையத்தில் போடக்கூடாது என்று சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

பொதுத்தேர்வு நேரத்தில் ஹால் டிக்கெட் படத்தை ஸ்டேட்டஸில் போட்டு ஆசி கேட்பதும் உண்டு. தமிழ்நாட்டில் மதிப்பெண் பார்க்கப் பதிவெண்ணும் பிறந்த தேதியும் போதும். இரண்டையும் நாமே கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு முன்பே தெருவே மதிப்பெண்ணைப் பார்த்துவிடும். சீருடையோடு, பேட்ஜ் தெரிய, வேன் நிறுத்தத்தில் நிற்கும் படம் ஒன்று போதும், தெரியாத ஒருவர் பிள்ளையின் பெயர், பள்ளி, நேரம் மூன்றையும் அறிந்துகொள்ள. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் தகவல் நீங்கிவிடும்; டாக்குமெண்டாக அனுப்பினால் அது படத்தோடேயே போகும். இன்று முகம் தெளிவாகத் தெரியும் ஒரே படத்தை வைத்துச் செயற்கை நுண்ணறிவால் ஆபாசப் படம் தயாரிக்க முடிகிறது என்பதையும் மனதில் வையுங்கள். போடுவதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள், ஐந்து வயதுப் பிள்ளையிடம்கூட. "வேண்டாம்" என்றால் விடுங்கள். தன் படத்தை யார் கேட்டாலும் மறுக்கலாம் என்று அது கற்றுக்கொள்வது அங்கிருந்துதான்.

மிரட்டல் வந்துவிட்டால்

வழக்கமாக நடக்கும் விதம் இது. இன்ஸ்டாகிராமில் ஒரு பெண்ணின் அல்லது பையனின் பெயரில் ஃபாலோ கோரிக்கை வரும். சில நாள் பேச்சு, பிறகு வாட்ஸ்அப், பிறகு வீடியோ கால் அல்லது படம். அடுத்த நிமிடமே பிள்ளையின் ஃபாலோயர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி, பணம் தராவிட்டால் இவர்கள் எல்லோருக்கும் போகும் என்பார்கள். நண்பர்கள் பட்டியல் பொதுவில் தெரிந்தால்தான் இந்த மிரட்டலுக்குப் பல் இருக்கும். பிரைவேட் கணக்கு உண்மையில் உதவும் இடம் இது.

அந்த நேரத்தில் பிள்ளைக்கு மிரட்டுகிறவனைவிட வீட்டின் மேல் பயம் அதிகமாக இருக்கும். பெண்பிள்ளை என்றால் போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள், மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் சொல்வார்கள் என்ற பயம். அதனால்தான் இந்த உறுதியைச் சிக்கல் வருவதற்கு மிக முன்பே, சாதாரண நாளில், பலமுறை கொடுத்திருக்கவேண்டும்: "எதுவா இருந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லும்மா. தப்பு உம்மேல இருந்தாலும் சரி. போனைப் பிடுங்க மாட்டேன், வேற யார்கிட்டயும் உன்னைக் கேக்காம சொல்ல மாட்டேன்." சொன்னால் காப்பாற்றவேண்டும். வந்து சொன்ன பிள்ளையின் போனைப் பிடுங்கிய வீட்டில் தங்கை அடுத்த முறை வரமாட்டாள்.

செய்யவேண்டியவற்றின் வரிசை முக்கியம். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் நிற்காது, தொகை கூடும். சாட்டை அழிக்காதீர்கள். மிரட்டல் மெசேஜ்கள், தொலைபேசி எண், யுபிஐ ஐடி, புரொஃபைலின் முழு இணைப்பு ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பெயரை மட்டும் குறித்துவைப்பது போதாது, அவர்கள் பயனர் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் உங்கள் போனுக்கு அனுப்பவோ, வக்கீலுக்கோ உறவினருக்கோ ஃபார்வர்டு செய்யவோ கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டமும் தடுக்கும் செயல். அத்தகைய படத்தை வைத்திருப்பது பற்றி 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தளர்வாகச் சொன்ன தீர்ப்பை அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. படம் இருக்கும் போன் அப்படியே இருக்கட்டும், காவல்துறை பார்த்துக்கொள்ளும். இவை முடிந்த பிறகு ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள்.

படம் பரவாமல் தடுக்க, காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்காக இயங்கும் அமெரிக்காவின் என்சிஎம்ஈசி அமைப்பு நடத்தும் 'டேக் இட் டவுன்' சேவை உண்டு. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கு இலவசம், எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. படம் எங்கும் பதிவேறாது. பிள்ளையின் போனிலேயே அந்தப் படத்தை அடையாளம் காட்டும் ஒரு எண் கைரேகை உருவாகி அது மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்கள் அதை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸ்அப் போன்ற மறையாக்கம் செய்த உரையாடல்களுக்குள் அது எட்டாது.

புகாருக்கு மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, பெயர் சொல்லாமலும் பதியலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. "ஸ்டேஷனுக்குப் போனா மானம் போயிடும்" என்று தயங்குகிறவர்களுக்குப் போக்சோ சட்டத்தின் 24ஆம் பிரிவு தெரிந்திருக்கவேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ பதியவேண்டும். இயன்றவரை துணை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி பதியவேண்டும். அவர் சீருடையில் வரக்கூடாது. எக்காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக்கூடாது. மறைப்பது சட்டப்படியும் சரியல்ல. குற்றம் நடந்தது தெரிந்தவர் தெரிவிக்கவேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது, தெரிவிக்காத பெரியவருக்கு 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. பிள்ளையிடம் இதையும் விளக்குங்கள்: யாருக்கும் சொல்லமாட்டேன் என்று நீங்கள் கொடுத்த வாக்கு உறவினர்களைப் பற்றியது, காவல்துறையைப் பற்றியது அல்ல.

எப்போது, எப்படித் தளர்த்துவது

கட்டுப்பாடு எப்போது தளரும் என்று பிள்ளைக்குத் தெரியாவிட்டால் அது உடைக்கத்தான் பார்க்கும். பள்ளிக் காலண்டரையே இதற்குப் பயன்படுத்தலாம். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு விடுமுறை தொடங்கும்போது அந்தத் தாளை எடுத்துவைத்து உட்காருங்கள். எந்த விதி தேவைப்படவே இல்லை, எது மீறப்பட்டது, எதைப் பிள்ளை மாற்றக் கேட்கிறது என்று பேசி, ஒவ்வொரு முறையும் ஒன்றாவது தளரட்டும். மீறல் நடந்திருந்தால் அதோடு தொடர்புள்ள விதியை மட்டும் இறுக்குங்கள். இரவு இரண்டு மணிவரை ஃப்ரீ ஃபயர் ஆடியதற்காக இன்ஸ்டாகிராமை நீக்குவதைப் பிள்ளை அநியாயமாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

16 வயதில் ஆப் ஒப்புதலும் நேர அளவும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தேவைப்படாது. இரவுச் சார்ஜ் விதியும், பணம் பற்றிய விதியும், நேரில் சந்திப்பது பற்றிய விதியும் நிற்கட்டும். 2023ஆம் ஆண்டின் இந்திய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குள் உள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து குறிவைத்த விளம்பரம் காட்டக்கூடாது என்றும் சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. எனவே 16, 17 வயதுப் பிள்ளையின் சார்பில் உங்களிடம் ஒப்புதல் கேட்கும் திரைகள் இனி அதிகமாக வரும். அவற்றைப் பிள்ளையோடு சேர்ந்து படித்து அழுத்துங்கள்.

18 நெருங்கும்போது பலர் விட்டுவிடும் வேலை ஒன்று இருக்கிறது. பிள்ளையின் கூகுள், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் கணக்குகளின் மீட்பு எண்ணும் மின்னஞ்சலும் இன்னும் உங்களுடையவையாக இருக்கும். சிம்மும் உங்கள் பெயரில்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து மீட்புத் தகவலைப் பிள்ளையின் சொந்த எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் மாற்றுங்கள், கூகுள் மேப்பில் லொகேஷன் பகிர்வைத் தொடரவேண்டுமா என்று கேட்டு முடிவெடுங்கள், பிறந்தநாளுக்குப் பிறகு சிம்மைப் பெயர் மாற்றுங்கள். பீரோவில் இருக்கும் உறையைத் திறக்காமல் பிள்ளையின் கையில் கொடுங்கள்.